பூப்போட்ட கட்டை போதுமா?

காஷ்மீரில் உள்ள குல்மார்க், பனிச்சறுக்குக்குப் பெயர் போன இடம். கம்பி வழியே ஓடும் தொங்கு வண்டியில் சுமார் 3,900 மீட்டர் உயரம் வரை போகலாம். மேலே, புதுப்பனி பஞ்சு போலக் கிடக்கும்.

காலில் மாட்டும் சறுக்குக் கட்டை குறுகலாக இருந்தால், அந்தப் பனியில் புதைந்துவிடும். சேற்றில் கால் புதையும். பலகை போட்டு நடந்தால் புதையாது அல்லவா? அப்படித்தான் இதுவும். காலடியில் 100 முதல் 115 மில்லி மீட்டர் அகலமும், மேல்நோக்கி வளைந்த நுனியும் இருந்தால் கட்டை மிதக்கும்.

பெண்களுக்கு என்று விற்கும் கட்டைகளில் பல, எடை குறைந்தவை, எளிதில் வளைபவை. புதிதாகப் பழகுகிறவளுக்கு அது நல்லது. கைதேர்ந்தவளுக்கு? வேகமாக இறங்கும்போது கட்டை தடதடவென்று ஆடும். ஆபத்து அவளுக்குத்தான்!

ஆகவே, வண்ணத்தையும் பூவையும் பார்த்து வாங்கக் கூடாது. உயரம், எடை, திறமை மூன்றையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். விறைப்பான கட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். அது ஆண்களுக்கான கட்டையாக இருந்தாலும் தவறில்லை.

அளவு மீறிய அகலமும் ஆகாது. இறுகிய பனியில் அது சட்டென்று திரும்பாது.

கட்டைக்கு ஆண், பெண் தெரியாது. எடையும் திறமையும்தான் தெரியும்!