பூச்சு அடிக்கிற வேலையா அது?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே புனேயில் நம்மூர்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து சாப்பிட்டோம். நண்பர் மகள் பிஎச்டி மூன்றாம் வருஷம். என்ன ஆராய்ச்சி என்று ஒருத்தர் கேட்க, "பெரோவ்ஸ்கைட் ஃபிலிம் வளர்க்கிறேன் அங்கிள்" என்றாள். "மூணு வருஷமா கண்ணாடியில பூச்சு அடிக்கிறியா? ஐடியில சேர்ந்திருந்தா இந்நேரம் ஃப்ளாட் வாங்கியிருக்கலாமே!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் பி.காம். வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். மறுநாள் அவளுக்கே ஃபோன் போட்டுக் கேட்டேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

கற்கண்டுக்குப் பாகை அசைக்காமல் மெதுவாக ஆறவிட்டால் நூலில் கட்டி கட்டியாக வளரும். இங்கே அப்படி விட்டால் கெட்டது. படிகம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளர்ந்து நடுவில் ஓட்டை விழும், மின்சாரம் கசியும். அதனால் ஈய அயோடைடையும் மெத்தில் அம்மோனியம் அயோடைடு உப்பையும் கரைத்து, வேகமாகச் சுழலும் கண்ணாடியில் விடுகிறார்கள். சரியான நொடியில் இன்னொரு திரவத்தைச் சொட்டினால் உப்பு கரைசலில் தங்க முடியாமல் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் விதை பிடிக்கிறது. பிறகு 100 டிகிரி சூட்டில் சில நிமிஷம். ஃபிலிமின் கனம் அரை மைக்ரான். தலைமுடி அதைவிட நூறு மடங்கு தடிமன். சில நொடி தவறினாலோ, காற்றில் ஈரம் கூடினாலோ அன்றைய உழைப்பு குப்பையில்.

2009இல் ஜப்பானில் மியாசகா குழு இதில் செய்த சூரிய மின்கலத்தின் திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகத்துச் சின்னக் கலங்களில் 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கான் 1954இல் பெல் ஆய்வகத்தில் சுமார் 6இல் தொடங்கி, இந்த உயரத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. எல்ஈடி, எக்ஸ்ரே உணரி என்றும் இதே ஃபிலிமை முயல்கிறார்கள்.

"சீக்கிரம் கெட்டுப்போகுமாமே, ஈயம் வேறயாமே?" என்பீர்கள். உண்மைதான். ஈரமும் சூடும் இதற்கு எதிரி. சிலிக்கான் பேனல் மாதிரி 25 வருஷம் தாங்கும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை. சரி, அதை யார் தீர்ப்பது? ஃப்ளாட் வாங்கியவரா? ஓட்டையில்லாமல் ஃபிலிம் வளர்க்கக் கை பழகியவர்தானே!

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்விக்கடனுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் ஃபைல் வந்தால் என் பேனா தானாக ஓடும். எம்.எஸ்சி. இயற்பியல் என்றால் "படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்று கேட்டிருக்கிறேன். கூரை சோலாருக்கு மட்டும் தாராளமாகக் கடன் கொடுக்கிறோம். அந்தப் பேனலுக்குள் இருக்கும் சிலிக்கான் பெரும்பாலும் சீனாவில் வளர்ந்தது. படிகம் வளர்க்கிற ஊருக்கு லாபம், வாங்கி ஒட்டுகிற நமக்குக் கூலியும் இஎம்ஐயும். இதற்கா பிள்ளைகளை விரட்டுகிறோம்?

ஊரை விட்டு வந்தது பிள்ளைகள் நன்றாக வரவேண்டும் என்றுதான். நன்றாக வருவதற்கு ஒரே வாசல்தான் என்று யார் சொன்னது? அடுத்த முறை அந்தப் பெண்ணைப் பார்த்தால் சம்பளம் கேட்காதீர்கள். "இந்த வாரம் ஃபிலிம் எப்படிம்மா வந்துச்சு?" என்று கேளுங்கள்.

பி.கு.: சிரித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஃப்ளாட் நண்பரும் இதைப் படிப்பார். கோபம் வந்தால் ஃபோன் பண்ணட்டும்.