பெருவழுதியைப் புளியில் ஊறவைத்தவர்கள்

உறவுக்காரப் பையன் ஒருவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டிருக்கிறான். ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டரைத் தரிசில் ஓட்டியிருக்கிறான். சத்தம் வந்த இடத்தில் தோண்டினால் பச்சை பூத்த பழைய செப்புக்காசு. அடுத்த காட்சியில் புளிக்கரைசல், கல்லுப்பு, தேய்ந்த டூத் பிரஷ். அதற்கடுத்து உள்ளங்கையில் பளபளவென்று ஒரு வெறும் வில்லை. ராஜாவும் இல்லை, யானையும் இல்லை. "இப்பதாண்டா காசு மாதிரி இருக்கு" என்று பெரியப்பா பாராட்டுகிறார், அத்தைமார் கைதட்டுகிறார்கள்.

பழசு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் புளி. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்து பெருமைப்படும் இந்தக் கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சங்க காலப் பாண்டியர் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்று சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தது ஒரு சின்னச் சதுரச் செப்புக்காசு. 1980களில் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அதை வெளியே கொண்டுவந்தார். ஒரு பக்கம் குதிரை, கூடவே தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயர். ஐந்தே எழுத்து. அந்தக் காசு முதலில் பெரியப்பாவிடம் சிக்கியிருந்தால்? குதிரை ஓடிப்போயிருக்கும், வழுதி கரைந்திருப்பான், நமக்குச் சதுரமாக ஒரு செப்புத் தகடு மிஞ்சியிருக்கும். பளபளப்பாக.

நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த செம்பு மெல்ல மெல்லத் தாதுவாக மாறுகிறது. உலோகத்தை ஒட்டிச் சிவப்பு ஆக்சைடு, அதன்மேல் பச்சைக் கார்பனேட். முத்திரை விழுந்த அந்த மேற்பரப்பு, மோசமாக அரித்த காசுகளில் பெரும்பாலும் இந்தப் படலத்துக்குள்தான் தங்கியிருக்கும். உள்ளே எஞ்சிய செம்பில் ஒன்றும் இருக்காது. நீங்கள் பாசி என்று தேய்க்கிறீர்களே, எழுத்து இருப்பதே அதில்தான் ஐயா! புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் முதலில் தின்பது அதைத்தான். கல்லுப்பு இன்னும் மோசம். அதன் குளோரைடு உள்ளே இறங்கிவிட்டால், ஈரக்காற்று படப்படக் காசு வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். 'வெண்கல நோய்' என்று இதற்குப் பெயரே உண்டு. நோயை வரவழைத்துவிட்டு 'லைக்' கேட்கிறான் பையன்.

தேய்க்காமல் எப்படி அடையாளம் காண்பது என்பார்கள். எடை பாருங்கள், விட்டம் அளவிடுங்கள், வட்டமா சதுரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேடுபள்ளத்தின் நிழலிலேயே பாதி தெரியும். மீதியை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, கூர்முனையால் துகள் துகளாக மண்ணை எடுக்கத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். நோய் கண்ட காசுக்கு அவர்கள் பென்சோட்ரையசோல் கொடுப்பார்கள், மேலே மெல்லிய அக்ரிலிக் பூச்சு பூசுவார்கள், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட வேலைக்கென்றே 1930 முதல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு ஆய்வுக்கூடம் சமையலறைதான்!

காசோடு நின்றதா இந்தப் பளபளப்புப் பைத்தியம்? திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்து, சோழன் வெட்டிய எழுத்தையே மழுங்கடித்த ஊர் இது. கருங்கல் புதுசாகத் தெரிந்ததாம்! பெருவழுதிக்குப் புளி, சோழனுக்கு மணல். இன்னொரு கூட்டம் பழைய ஐந்து ரூபாய்க் காசு லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோ போட்டு ஊரையே உண்டியல் உடைக்க வைத்திருக்கிறது. அந்த லட்சத்தை வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நிஜமான சேகரிப்பாளரிடம் தேய்த்த காசை நீட்டிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டிடெக்டர் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவியுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அதுவரை காசை ஈரம் படாமல் தனியாக வைத்து, ஒட்டிய மண்ணோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.