மரணசாதனம் எழுதுதல்

தமிழாசிரியருக்கு ஊரிலே ஒரு தனி வேலை உண்டு. பழைய உறுதிகளை வாசித்துப் பொருள் கூறும்படி அயலவர் கொண்டுவருவர். எல்லை விவரமும் பங்கு விவரமும் முற்றுப்புள்ளியின்றி இரண்டு பக்கம் ஓடும். யாமும் இயன்றவரை கூறிவருகின்றோம். ஆயின், எம்மிடம் வந்தவற்றுள் மரணசாதனம் மிகச் சிலவே. அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே எம்மவர் முகஞ் சுளிக்கின்றனர். எல்லாவற்றுக்கும் நாட்பார்ப்போர்க்கு இதற்கு மட்டும் எந்நாளும் ஆகாத நாளே.

இத்தயக்கத்தால் விளைந்த இழப்பொன்றை யாம் அண்மையிற் கண்டோம். முதிய பழைய மாணவர் ஒருவர், தம் முதுசக் காணி நான்கு பரப்பின் வருவாய் வறிய மாணவர்க்குச் சேரவேண்டுமெனப் பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். கேட்டவர் பலர், எழுதுவித்தவர் எவருமிலர். அவர் காலமானபின் காணி பிள்ளைகள் ஐவருக்காயிற்று. அவர்கள் தந்தையின் விருப்பத்தை மறுத்தாரல்லர். ஆயினும் மூவர் கடல்கடந்தவர். அவருள் ஒருவருடைய விலாசமே தெரிந்திலது. தந்தையாரின் அற்றோணித் தத்துவம் பெற்றிருந்த உறவினர், அதனைக்கொண்டு உறுதி முடிக்கலாமென எண்ணினார். கொடுத்தவர் இறந்தவுடன் தத்துவமும் இறந்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தார். காணி இன்று பற்றை.

இத்தனைக்கும் சட்டங் கேட்பது பெரிதன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையிலிருக்கக் கையொப்பமிடுதல் போதும். நொத்தாரிசு இல்லாவிடின் ஒருங்கே கூடிய ஐந்து சாட்சிகள் வேண்டும். எழுதாதிருப்பின், தேசவழமைக்குட்பட்டோர்க்கு 1947இல் திருத்தப்பெற்ற சட்டமே பங்கு பிரிக்கும்: இறந்தவர்க்குரிய தேடியதேட்டத்திற் பாதி உயிரோடிருக்குந் துணைக்கு, மறுபாதி உரிமைக்காரர்க்கு.

காணியைத் தருமத்துக்கு வைப்பதாயின், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டப்படி வாய்ச்சொற் செல்லாது; மரணசாதனமோ நொத்தாரிசு உறுதியோ வேண்டும். தருமகர்த்தாக்கள் யாவர், அவர்க்குப்பின் யாவர், வருவாய் எதற்கு என்பன ஐயமின்றி இருத்தல் வேண்டும். தருமகர்த்தா தவறினால், அத்தருமத்தில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம்.

மொழிபற்றியும் யாம் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு 1706இல் தொகுத்த தேசவழமை, தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பியபின்னரே நடைமுறைக்கு வந்தது. வேற்றார் ஆட்சியிலேயே அத்துணைக் கவனமிருக்க, தம் மரணசாதனத்தைத் தமக்கு விளங்காத ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கையொப்பமிடுவோரை என்னென்பது! தமிழிலே எழுதுவிக்க. ‘மேற்படி’ என்பது யாரைச் சுட்டுகின்றது என நொத்தாரிசைக் கேட்டே கையொப்பமிடுக. கேட்பது அவமதிப்பன்று.

விழா நிதிக்குக் காணி தருவதாக வாய்மொழிந்த அன்பர் சிலர் உளர். அவர்கள் நலமாயிருக்கும் இந்நாளிலேயே எழுதிவைத்து, எழுதியது எந்தப் பெட்டியிலுள்ளது என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது கூறிவைத்தல் வேண்டும். சென்ற வைகாசியில் யாமும் எம் இல்லாளிடம் கூறினோம். அவர் மூன்று நாள் எம்மோடு பேசிலர்.