மேடைக்கு அழைக்கப்படாத பட்டதாரி

பல்கலைக்கழகப் பட்டதாரிகளைப் பாராட்டும் விழாக்களில் டாக்டர் ஜாகிர் ஹுசைனின் பெயர் தவறாமல் ஒலிக்கும். அலிகரில் பயின்றார், 1967இல் குடியரசுத் தலைவரானார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1926 முதல் 1948 வரை, நிதியின்றித் தள்ளாடிய டெல்லி ஜாமிஆ மில்லியாவைத் தாங்கி நின்றதை எவரும் தொடுவதில்லை. மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் 20 ஆண்டுகள் பணியாற்ற அவரும் சக ஆசிரியர்களும் 1928இல் உறுதி பூண்டனர். (அத்தகைய மாப்பிள்ளைக்கு இன்று நாம் பெண் கொடுப்போமா?)

பயன்தரும் கல்வியை நாள்தோறும் துஆவில் கேட்கும் நாம், மேடையில் மட்டும் சம்பளத்தையே அளக்கிறோம். அண்மையில் எங்கள் மஹல்லா விழாவில் வளைகுடாவில் வேலை பெற்ற பொறியாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். முதுகலை முடித்து, மாலைதோறும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஊதியமின்றிக் கணிதம் கற்பிக்கும் இளைஞரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டியலைத் தயாரித்தவன் நானே, அல்லாஹ் மன்னிப்பானாக.