பத்து ரவையா, முப்பது ரவையா? அமெரிக்க நீதிமன்றங்கள் அளக்கும் இடைவெளி

2025 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வெளியிட்டது. பத்து ரவைகளுக்கு மேல் கொள்ளும் ரவைக்கூடுகளை வைத்திருப்பதைத் தடைசெய்யும் கலிபோர்னியா மாநிலச் சட்டம் செல்லும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருவரான லோரன்ஸ் வான்டைக் எழுத்தோடு நிற்கவில்லை. தன் அலுவலக அறையில் கைத்துப்பாக்கிகளைக் கையிலெடுத்து, பாகங்களைக் காட்டி விளக்கும் காணொளி ஒன்றைப் பதிவுசெய்து தன் மாறுபட்ட தீர்ப்போடு சேர்த்துவிட்டார். ரவைக்கூட்டை வெறும் துணைப்பொருள் என்று ஒதுக்கினால், துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் அப்படி ஒதுக்கிவிடலாம் என்பது அவருடைய வாதம். சக நீதிபதிகள் சிலருக்கு அந்தக் காணொளி பிடிக்கவில்லை.

நான் அதை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு அமைதியாகப் பேசக்கூடிய ஒரு வாழ்க்கை அவருக்கு வாய்த்திருக்கிறது என்பதுதான் முதலில் மனதில் பட்டது. பிறகுதான் வழக்கின் உள்ளே போனேன். உள்ளே இருந்தது 160 வருடத்துக்கு முந்திய இயந்திரவியல்.

வழக்கு இப்படி இயந்திரவியல் வகுப்பாக மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'புரூயன்' வழக்கில் புதிய அளவுகோல் ஒன்றை வைத்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று செல்லுமா என்று பார்க்கும்போது, அதனால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நன்மையைத் தராசில் வைக்கக்கூடாது. அந்நாட்டின் வரலாற்றில் அதற்கு ஒப்பான கட்டுப்பாடுகள் இருந்தனவா என்றுதான் பார்க்கவேண்டும் என்றது. அன்றிலிருந்து இரு தரப்புச் சட்டத்தரணிகளும் அருங்காட்சியகங்களைக் கிண்டுகிறார்கள். பத்துக்கு மேல் சுடும் ஆயுதங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன, அவற்றை யாரும் தடைசெய்யவில்லை என்கிறது ஒரு தரப்பு. வீட்டில் வெடிமருந்தை எப்படி வைத்திருக்கலாம் என்பதற்கு அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்தது, கயிறு கட்டித் தானாக வெடிக்கவைக்கும் பொறித்துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன என்கிறது மற்றத் தரப்பு.

ரவைக்கூடு என்று நான் எழுதுவதைச் செய்திகளில் மகசின் என்பார்கள். களஞ்சியம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கொழும்பு மகசின் சிறைச்சாலையின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். அங்கே பிள்ளைகளைப் பார்க்க வடக்கிலிருந்து பஸ் ஏறிப் போன தாய்மாருக்கு அந்தச் சொல் வேறொரு பாரம் உடையது. இந்தக் கட்டுரையில் அதை ரவைக்கூட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீதிமன்றத்துக்குள் அடிக்கடி இழுத்துவரப்படுவது ஜிராண்டோனி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஸ்ரிய இராணுவம் பயன்படுத்திய காற்றுத் துப்பாக்கி. சுடுகுழலுக்குப் பக்கத்தில் இன்னொரு குழாய், அதற்குள் சுமார் இருபது ஈயக் குண்டுகள். குண்டைத் தள்ள ஸ்பிரிங் கிடையாது. துப்பாக்கியின் வாயை மேலே தூக்கினால் குண்டுகள் தம் பாரத்திலேயே பின்னுக்கு உருண்டு வரும். காற்றுக்கலத்தை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் பம்ப் அடிக்கவேண்டும். 1803இல் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் பயணக் குழு அந்த வகைத் துப்பாக்கி ஒன்றை அமெரிக்காவின் மேற்குக்குக் கொண்டுபோனது. அதை வைத்துக்கொண்டு இன்றைய முப்பது ரவைக் கூட்டுக்கு வரலாற்று உரிமை கேட்பது, மாட்டுவண்டிக்கும் சில்லு இருந்தது என்று சொல்லி வேகக் கட்டுப்பாட்டை எதிர்ப்பதுபோல எனக்குப் படுகிறது.

உண்மையான மாற்றம் 1860இல் வந்தது. வெடிமருந்தும் குண்டும் பற்றவைப்பும் ஒரே உலோகக் கோதுக்குள் அடங்கியபிறகுதான் ரவைகளை வரிசையாக அடுக்கி ஸ்பிரிங்கால் தள்ள முடிந்தது. கிறிஸ்டோபர் ஸ்பென்சர் தோளில் வைக்கும் கட்டைக்குள்ளே குழாயை வைத்தார், ஏழு ரவைகள். பெஞ்சமின் ரைலர் ஹென்றி சுடுகுழலின் கீழே வைத்தார், சுமார் பதினாறு. எண்ணிக்கையில் ஹென்றி வென்றதுபோலத் தெரியும். ஆனால் அந்தக் குழாயின் அடிப்பக்கம் நெடுக ஒரு பிளவு. ரவைகளைத் தள்ளும் தட்டின் நுனி அந்தப் பிளவு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுடச்சுட அது பின்னுக்கு நகர்ந்து வந்து, துப்பாக்கியைத் தாங்கும் கையில் முட்டும். பிளவு வழியே சேறும் மணலும் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நிரப்பும் முறை. தட்டை வாய்ப்பக்கம்வரை இழுத்து, நுனியைத் திருப்பித் திறந்து, முன்பக்கமாக ரவைகளைப் போடவேண்டும். அவ்வளவு நேரமும் துப்பாக்கி வெறும் தடி.

ஸ்பென்சருக்கு 1864இல் பிளேக்ஸ்லி என்பவர் ஒரு பெட்டி செய்தார். ஏழு ரவைகளை முன்கூட்டியே நிரப்பிய தகரக் குழாய்கள் அதில் பலவாக இருக்கும். ஒன்றை எடுத்து, துப்பாக்கிக் கட்டையின் பின்வாயில் கவிழ்த்தால் ஏழும் உள்ளே இறங்கிவிடும். ஏழு ரவைகள் ஏழாகவே இருந்தன. குறைந்தது இரண்டு நிரப்பலுக்கு இடைப்பட்ட நேரம்.

1866இல் நெல்சன் கிங் செய்த திருத்தமும் அதே பாதையில் போனதுதான். குழாயை முழுதாக மூடினார். துப்பாக்கியின் பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கதவொன்றை அமைத்தார். பெருவிரலால் ரவைகளை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிக்கொண்டே இருக்கலாம். துப்பாக்கி ஒருபோதும் முழுதாக வெறுமையாக வேண்டியதில்லை. அதுதான் முதல் வின்செஸ்டர். 1877இல் பிளெவ்னாவில் உதுமானியப் படையினர் இந்த வின்செஸ்டர்களையும், தூரத்துக்கு மார்ட்டினிகளையும் வைத்துக்கொண்டு ரஷ்யப் படைகளை அறுத்துத் தள்ளியபோது ஐரோப்பா முழுவதும் விழித்துக்கொண்டது.

குழாயில் ஒரு ஆபத்து இருந்தது. ஒரு ரவையின் முனை முன்னாலுள்ள ரவையின் பற்றவைப்பில் முட்டி நிற்கும். கூரிய முனை என்றால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பரிஸ் லீ 1879இல் உரிமம் பெற்ற பெட்டிக்கூடு அதைத் தீர்த்தது. ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், கீழிருந்து ஸ்பிரிங் தள்ளும், மேல்விளிம்பின் இரு உதடுகள் ஒவ்வொன்றாக விடும். நம் நிலத்தில் புதைந்து துருப்பிடித்துக் கிடந்து, காணி துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்ட கூடுகள் எல்லாம் இந்தப் பெட்டியின் பிள்ளைகள்தான்.

பிரித்தானிய இராணுவம் லீயின் கூட்டை 1888இல் ஏற்றுக்கொண்டது. முதலில் எட்டு ரவைகள், பின்னர் இரட்டை வரிசையில் பத்து. ஆனால் ஏற்றுக்கொண்ட கையோடு அதைக் கட்டிப்போடவும் செய்தது. கழற்றக்கூடிய கூட்டைத் துப்பாக்கியோடு ஒரு சிறு சங்கிலி வளையத்தால் பிணைத்தார்கள். கூட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் ஒரு தகட்டையும் சொருகினார்கள். தகடு மூடியிருக்கும்வரை சிப்பாய் ஒவ்வொரு ரவையாகக் கையால் போட்டுத்தான் சுடவேண்டும். கூட்டில் இருப்பது அவசரத்துக்கு மட்டும், அதுவும் கட்டளை வந்தால்தான். சிப்பாய் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிடுவான் என்ற பயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயுதத் தளபதி ரிப்ளி தொடர்சுடு துப்பாக்கிகளை வாங்கத் தயங்கியதற்கும் ரவை விரயம் ஒரு காரணம். பிரித்தானியாவின் தகடு முதலாம் உலகப் போரின் நடுவில் கைவிடப்பட்டது. அதற்குமுன் ஐந்து ஐந்தாகத் தகட்டில் கோத்த ரவைகளை மேலிருந்து ஒரே தள்ளில் இறக்கும் வசதியும் வந்துவிட்டது. எங்கள் அப்பாமார் '303' என்று சொன்ன பொலிஸ் துப்பாக்கி இந்தப் பரம்பரைதான்.

அந்தத் துப்பாக்கி என்ன செய்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். 50 துப்பாக்கிச் சிப்பாய்கள், சுமார் பத்து நிமிடம், 1650 ரவைகள். ஆளுக்கு 33. பத்து ரவைக் கூடு மூன்று தடவை முழுதாகக் காலியாகி, நான்காவது தடவையும் நிரப்பப்பட்டிருக்கவேண்டும். சராசரியாகப் பதினெட்டு செக்கனுக்கு ஒரு வெடி. அவசரமே இல்லாத வேகம் அது. கட்டளைப்படி, கூட்டம் நெருக்கமான இடமாகப் பார்த்து. உத்தியோகபூர்வ எண்ணிக்கையிலேயே 379 பேர் இறந்தார்கள். இன்று நம் செய்திகளில் தினமும் வரும் ரி-56, நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகத்தில், முப்பது ரவைக் கூட்டை மூன்று செக்கனில் முடித்துவிடும்.

1650 என்ற எண்ணை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி எண்ணிக் கிடைத்தது என்பார்கள். ஹண்டர் குழு கேட்டது, டயர் பதில் சொன்னார். கொன்ற அரசே தன் சிப்பாய்கள் செலவழித்த ரவைக்குக் கணக்கு வைத்திருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு நான் அதை வகுத்துப் பார்க்க முடிகிறது. 2009இல் வன்னியில் பெரும்பாலானோரைக் கொன்றது எறிகணைதான் என்று ஐ.நா. நிபுணர் குழுவே 2011இல் சொன்னது. அந்த எறிகணைகளுக்கோ ரவைகளுக்கோ எங்களுக்கு வகுத்துப் பார்க்க எந்த எண்ணும் தரப்படவில்லை.

சரி, இடைவெளிக்கு வருகிறேன். துவக்குச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு, சத்தம் நிற்பதும் ஒரு செய்தி. வெடி நின்றால் நாங்கள் எண்ணுவோம். கூடு மாத்துறான், இப்ப ஓடு என்று பதுங்குகுழி வாசலில் நின்று சொல்லத் தெரிந்த கிழவிகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். எந்த இயந்திரவியலும் படிக்காதவர்கள். அந்த ஒன்றிரண்டு மூச்சுக்குள் வேலியைத் தாண்டியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசனில் நடந்ததும் இதுதான். 33 ரவைக் கூட்டோடு வந்த ஒருவன் ஆறு பேரைக் கொன்றான். முதல் கூடு தீர்ந்து அடுத்ததை மாற்றப் போனபோது ஆட்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். 61 வயதான ஒரு பெண் புதிய கூட்டைப் பறித்தார். இறந்தவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. அவளைக் கொன்றது பதின்மூன்றாவது ரவை, பத்தோடு கூடு தீர்ந்திருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று, அந்தச் சம்பவத்தில் படுகாயமடைந்த காங்கிரஸ் உறுப்பினரின் கணவர் மார்க் கெலி 2013இல் செனட் குழு முன் சொன்னார். சாண்டி ஹூக் பாடசாலையில் ஐந்து நிமிடத்துக்குள் 154 ரவைகள். அவை முப்பது ரவைக் கூடுகளிலிருந்து வந்தவை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பழகியவன் இரண்டு மூன்று செக்கனில் கூடு மாற்றிவிடுவான். தடைசெய்யப்படும் கூடுகள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் மக்கள் கையில் இருக்கின்றன. இரவில் வீடுபுகும் கள்ளனுக்கு முன்னால் நிற்பவருக்கும் அந்த இரண்டு செக்கன் பெறுமதியானதுதான். எனக்கு உறுத்துவது வேறு இடம். ஹென்றி 1860இலேயே பதினாறு கொண்டது, ஆகவே பத்து என்ற எல்லைக்கு வரலாறு இல்லை என்ற வாதம், கொள்ளளவை மட்டும் பார்த்து நேரத்தை விட்டுவிடுகிறது. ஹென்றியின் பதினாறுக்குப் பிறகு நீண்ட மௌனம் இருந்தது. இன்றைய கூட்டின் முப்பதுக்குப் பிறகு அது இல்லை. சட்டம் ரவையை எண்ணுவது ரவையை எண்ணலாம் என்பதால். அது திருப்பிப் பெற முயல்வது பிளேக்ஸ்லியும் கிங்கும் லீயும் ஒவ்வொரு துண்டாக வெட்டியெடுத்த நேரத்தை.

நம்மவர்கள் இலட்சக்கணக்கில் வாழும் கனடா அதைச் செய்து முப்பது வருடமாகிவிட்டது. 1989இல் மொன்றியலில் 14 பெண்கள் கொல்லப்பட்டபின் வந்த விதிகளின்படி, அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் கூட்டில் ஐந்துக்கு மேல் கொள்ளக்கூடாது. பெரிய கூடு என்றால், ஆறாவது ரவை இறங்காதபடி குறுக்கே ஒரு ஆணி அடித்திருக்கவேண்டும். பிரித்தானிய இராணுவம் விரயத்துக்குப் பயந்து வைத்த தகட்டை, கனடா வேறு பயத்தில் திரும்ப வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை நாடு முழுவதற்கும் பத்து என்ற எல்லை இருந்தது, காலாவதியானபின் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு. ரோட் ஐலண்டின் தடைக்கு எதிரான மனுவை உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 2ஆம் திகதி ஏற்க மறுத்தது. தோமஸ், அலிட்டோ, கோர்சச் ஆகிய மூவர் விசாரிக்கவேண்டும் என்றார்கள். ஒரு வழக்கை எடுக்க நான்கு வாக்கு வேண்டும். அதே நாளில் இன்னொரு துப்பாக்கி வழக்கில், இந்தக் கேள்விகளை நீதிமன்றம் அடுத்த ஓரிரு தவணைகளில் எடுக்கும் என்று எழுதினார் கவனோ. அவர் பேசியது துப்பாக்கி வகையைப் பற்றி, கூட்டைப் பற்றி அல்ல. ஆனால் துப்பாக்கி உள்ளே வந்தால் கூடும் பின்னாலேயே வரும்.