ஆணி புடுங்க ஓஎம்ஆர் எதுக்கு?

வீடுங்கிறது வேலை பாக்க லாயக்கில்லாத இடம்னு நம்ம கம்பெனிகள் எல்லாம் சேந்து கண்டுபிடிச்சிருக்காங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா இந்தக் கண்டுபிடிப்பு காலைல ஒம்போதுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் செல்லும். ராத்திரி ஒம்பதரைக்கு அமெரிக்காக்காரன் கூட கால் இருந்தா வீடு நல்ல இடம். சனிக்கிழமை நடுராத்திரி ப்ரொடக்ஷன் ரிலீஸ் இருந்தா ரொம்ப நல்ல இடம். 2024 அக்டோபர்ல சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தப்போ, 15லருந்து 18 வரைக்கும் ஐடி ஊழியர்கள வீட்டுலருந்தே வேலை பாக்க விடுங்கன்னு தமிழக அரசு அறிவுறுத்துச்சு. அன்னிக்கு வீடு கோயில். மழை நின்னு ரோடு காஞ்சதும் அதே வீடு சோம்பேறி மடம் ஆயிடுச்சு.

ஆணி புடுங்குற மக்களே, இது நம்ம எல்லாருக்குமான பதிவு. டேமேஜர்கள் யாராச்சும் வழி தவறி இந்தப் பக்கம் வந்திருந்தா, முழுசா படிச்சுட்டு அப்புறமா கோவப்படுங்க.

கொஞ்சம் பழைய கதையப் பாத்துடுவோம். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ, ஒரே வாரத்துல லேப்டாப்பக் குடுத்து, சில பேருக்கு ஆபீஸ் டெஸ்க்டாப்பையே வண்டில ஏத்தி அனுப்பி, வேலைய நிக்காம ஓட்டுனாங்க. அப்போ நம்மள 'போர் வீரர்கள்'னு எல்லாம் மெயில்ல புகழ்ந்தாங்க. அந்த ஏப்ரல்லயே டிசிஎஸ் ஒரு திட்டத்த அறிவிச்சாங்க: 2025 வந்தா நூத்துக்கு 25 பேர்தான் ஆபீஸுக்கு வரவேண்டியிருக்கும்னு. 2023 அக்டோபர்ல அதே டிசிஎஸ் வாரம் அஞ்சு நாளும் வாங்கன்னுட்டாங்க. அமேசான் 2024 செப்டம்பர்ல அறிவிச்சு, 2025 ஜனவரிலருந்து அஞ்சு நாள் கட்டாயமாக்குனாங்க. உச்சகட்ட காமெடி ஜூம்தான். வீட்டுலருந்து வேலை பாக்குறவங்கள வெச்சே உலகப் புகழ் அடைஞ்ச கம்பெனி, 2023 ஆகஸ்ட்ல 50 மைலுக்குள்ள இருக்குற தன்னோட ஆளுங்கள வாரத்துக்கு ரெண்டு நாள் நேர்ல வரச் சொன்னாங்க. இட்லிக்கடைக்காரர் பக்கத்துக் கடைல போய் பூரி சாப்பிடுற மாதிரி இருக்கு :-)

என் கதையையும் சொல்லிடறேன். கம்பெனி பேரு வேண்டாம், எல்லாக் கம்பெனியும் ஒண்ணுதான். 2019ல சேந்தேன். ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள லாக்டவுன். மூட்டை கட்டிக்கிட்டு கோவில்பட்டிக்குப் போனேன். மாடியில ஒரு மேசை, ஒரு யூபிஎஸ், ரெண்டு நெட் கனெக்ஷன், எல்லாம் கைக்காசு. அங்க இருந்தப்போதான் ப்ரமோஷனும் வந்துச்சு. 2022ல அப்பாவுக்கு பக்கவாதம். காலைல ஏழு மணிக்கு அவருக்குக் கை கால் பயிற்சி குடுத்துட்டு, எட்டரைக்கு லாகின் பண்ணுவேன். டீம்ல பாதிப் பேருக்கு இந்த விஷயமே தெரியாது, ஏன்னா அதனால ஒரு டிக்கெட் கூட லேட்டானதில்ல. இப்போ வாரத்துல நாலு நாள் ஆபீஸ், நாளைக்கு ஒம்போது மணி நேரம் கார்டு தேய்ச்ச கணக்கு காட்டணும். நான் சோழிங்கநல்லூர்ல ஒரு பிஜில மூணு பேரோட ரூம்ல இருக்கேன். அப்பாவத் தூக்கி உக்கார வைக்கிறது அறுபது வயசு அம்மா. விதிவிலக்கு கேட்டு எழுதுனேன். "பரிசீலிக்கப்பட்டது, வணிகத் தேவை காரணமாக இயலவில்லை"ன்னு ஒத்த வரில பதில்.

அந்த வணிகத் தேவை என்னன்னு பாப்போமா? என் மேனேஜர் புனேல. டெஸ்டிங் ஆளுங்க பெங்களூர்ல. க்ளையண்ட் ஒஹாயோல. நான் ஓஎம்ஆர் வந்து, ஆப்ல சீட் புக் பண்ணி, ஹெட்போன மாட்டிக்கிட்டு, கோவில்பட்டிலருந்து பேசுன அதே ஆளுங்ககிட்ட அதே டீம்ஸ்ல பேசுறேன். ஒரே வித்தியாசம், பக்கத்து சீட்டுக்காரர் வேற ப்ராஜெக்ட். அவரோட க்ளையண்ட் திட்டுறதும் சேந்து என் காதுல விழுது.

சரி, எதிர்த்தரப்பு சொல்ற வாதங்கள ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

ஒண்ணு: "வீட்டுல இருந்தா வேலை பாக்க மாட்டாங்க."

வேலை பாக்காதவன் எங்க இருந்தாலும் பாக்க மாட்டான். கார்டு தேய்ச்சுட்டு டீக்கடைல ஒரு மணி நேரம், கேன்டீன்ல ஒரு மணி நேரம், டேபிள் டென்னிஸ் ஒரு மணி நேரம்னு ஓட்டுறவங்கள நாம பாக்காததா? அவங்களுக்கு ஒம்போது மணி நேரக் கணக்கு சுத்தமா இருக்கும். நம்ம தொழில்ல என்ன முடிச்சோம்ங்கிறது டிக்கெட்ல இருக்கு, கோட் ரிவ்யூல இருக்கு, தேதி நேரத்தோட பதிவாகுது. கொத்தனார் கட்டுன சுவர் மாதிரி கண்ணுக்குத் தெரியுது. அத வெச்சு வேலைய அளக்கத் தெரியாதவங்கதான் நாற்காலிய அளக்குறாங்க.

வெறும் வாய்ப்பேச்சுன்னு சொல்லுவீங்க. நிக்கோலஸ் ப்ளூம்னு ஸ்டான்ஃபோர்ட் பொருளாதாரப் பேராசிரியர். அவரும் கூட ரெண்டு பேரும் சேந்து சீனாவோட ட்ரிப்.காம் கம்பெனில 1,612 பேர வெச்சு பண்ண சோதனை 2024 ஜூன்ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. ஒரு பாதிக்கு வாரம் ரெண்டு நாள் வீடு, மறுபாதிக்கு அஞ்சு நாளும் ஆபீஸ். ரெண்டு வருஷ அப்ரைசலையும் ப்ரமோஷனையும் பாத்தா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா வேலைய விட்டுப் போறவங்க எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. இதுல எனக்குப் பிடிச்ச இடம், சோதனைக்கு முன்னாடி உற்பத்தி குறையும்னு நெனச்ச மேனேஜர்கள் முடிஞ்சப்பறம் கருத்த மாத்திக்கிட்டாங்கங்கிறதுதான். இது வாரம் முழுக்க வீட்டுலருந்து பாக்குறதப் பத்தின ஆய்வு இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆனா "அஞ்சு நாளும் வந்தாத்தான் ஆச்சு"ன்னு சொல்றவங்க இதுக்கு ஒரு பதில் சொல்லித்தான் ஆகணும்.

ரெண்டு: "புதுப் பசங்க எப்படிக் கத்துக்குவாங்க?"

இதுல உண்மை இருக்கு. காலேஜ் முடிச்சு வர்ற பையனோ பொண்ணோ, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பிழை கண்டுபிடிக்கிறதப் பாத்துக் கத்துக்கிற மாதிரி டீம்ஸ்ல கத்துக்க முடியாது. நானும் முதல் வருஷம் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ஆனா இப்போ நடக்குறது அதுவா? கத்துக்குடுக்க வேண்டிய சீனியர் பெங்களூர்ல, கத்துக்க வேண்டிய பையன் சிறுசேரில. ரெண்டு பேரும் அவங்கவங்க ஊர்ல ஒழுங்கா கார்டு தேய்க்கிறாங்க. வருகைப் பதிவு நூத்துக்கு நூறு, கத்துக்கிட்டது பூஜ்யம். உண்மையிலேயே அந்த அக்கறை இருந்தா, மாசத்துக்கு ஒரு வாரம் டீம் மொத்தத்தையும் ஒரே ஊர்ல கூட்டுங்க. டிக்கெட் போடுங்க, நான் முதல் ஆளா வர்றேன். டிக்கெட்டுக்கு பட்ஜெட் இல்லம்பீங்க. அப்போ அக்கறை எவ்வளவுங்கிறதும் தெரிஞ்சு போச்சு.

மூணு: "நர்ஸும் பஸ் டிரைவரும் தினம் போறாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன கொழுப்பு?"

இத சொந்தக்காரங்களே கேக்குறாங்க. போய்த்தான் ஆகணும்ங்கிற வேலைய செய்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அதனாலதான் சொல்றேன், போகத் தேவையே இல்லாத நான் எதுக்கு அவங்க போற ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கணும்? மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மாதவரத்துலருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் 45 கி.மீ.க்கு மேல ஒரு தடம். நல்ல விஷயம், ஓடட்டும். ஆனா அது ஓடுறதுக்கு முன்னாடியே, கந்தன்சாவடிலருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் நடு ரோட்டத் தோண்டிப் போட்டிருந்த காலத்துலயே எங்க எல்லாரையும் கூப்பிட்டுட்டாங்க. அந்த நெரிசல்ல எங்க கேப் பின்னாடி நின்னதுல ஆம்புலன்ஸும் உண்டு.

ஓஎம்ஆர் டீக்கடைக்காரர் பொழப்பு போகுமேன்னு இன்னொரு கேள்வி. நியாயம்தான். ஆனா கோவில்பட்டிலயும் டீக்கடை இருக்குங்க. என் சம்பளம் நாலு வருஷம் அங்கதான் செலவாச்சு.

இப்போ மெயில்ல எழுதாத காரணங்களுக்கு வருவோம்.

முதல் காரணம் கட்டடம். பல வருஷத்துக்குக் குத்தகை போட்டு எடுத்த மாடிகள் காலியா கெடந்தா யாரோ ஒருத்தர் பதில் சொல்லணும். அடுத்தது சிறப்புப் பொருளாதார மண்டலம். மண்டலத்துக்குள்ள வேலை நடக்கணும்ங்கிறதுதான் வரிச்சலுகையோட அடிப்படை. ஆனா அரசாங்கமே இதுல இறங்கி வந்துச்சு. 2022 ஜூலைல 43ஏன்னு ஒரு விதி கொண்டாந்து பாதிப் பேர் வரைக்கும் வீட்டுலருந்து வேலை பாக்கலாம்னாங்க. அந்த டிசம்பர்லயே அத நூறு சதவீதம் ஆக்குனாங்க. வரிதான் காரணம்னா அதையே சொல்லுங்க, புரிஞ்சுக்குவோம். எதுக்கு நடுவுல 'பண்பாடு', 'கூட்டுணர்வு'?

கடைசிக் காரணம்தான் கொடுமை. ஆள் குறைக்கணும், ஆனா நீக்குனோம்னு பேர் வரக்கூடாது, காசும் குடுக்கக்கூடாது. அப்போ என்ன பண்ணலாம்? எல்லாரையும் ஆபீஸுக்குக் கூப்பிடு, முடியாதவன் தானா போவான். நான் கற்பனை பண்ணி சொல்லல. 2024ல பாம்பூஹெச்ஆர் எடுத்த அமெரிக்கக் கருத்துக்கணிப்புல, உயர் அதிகாரிகள்ல நாலுல ஒருத்தர், ஆபீஸுக்குக் கூப்பிட்டா கொஞ்சப் பேர் தானா விலகுவாங்கன்னு எதிர்பார்த்ததா ஒத்துக்கிட்டாங்க. இங்க அப்படி யாரும் ஒத்துக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்.

தானா போறது யாருன்னு பாத்தா இன்னும் வயிறு எரியும். எங்க டீம்ல ஒரு அக்கா. எட்டு மாசக் கொழந்த. தாம்பரத்துலருந்து சிறுசேரி, போக வர மூணு மணி நேரம். எங்க எல்லாரையும் விட நல்லா டேட்டாபேஸ் தெரிஞ்சவங்க. பேப்பர் போட்டுட்டாங்க. 2017ல பேறுகால சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்துல, விடுப்பு முடிஞ்சப்பறம் வேலையோட தன்மை இடம் குடுத்தா வீட்டுலருந்து பாக்க அனுமதிக்கலாம்னு இருக்கு. ஆனா 'இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள்'னு ஒரு வாசகமும் கூடவே இருக்கு. ஒருத்தர் ஒத்துக்கலேன்னா சட்டம் கைய விரிச்சுடும். விழா வெச்சு ரோஸ் குடுத்து மகளிர் தினம் கொண்டாடுன அதே மார்ச்ல அவங்களுக்குக் கடைசி வேலை நாள். கொண்டாட்டப் படத்துல அவங்களும் சிரிச்சுட்டு நிக்கிறாங்க.

புலம்பி முடிச்சாச்சு, என்னதான் வேணும்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் இல்ல.

வேலைக்கு எடுக்குறப்பவே எந்த ஊர், எத்தன நாள்னு ஆஃபர் லெட்டர்ல எழுதுங்க. அத மாத்தணும்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லுங்க. நோட்டீஸ் பீரியட் மட்டும் எங்ககிட்ட மூணு மாசம் கேக்குறீங்கல்ல? எந்த நாள் கூடணும்ங்கிறத டீம் முடிவு பண்ணட்டும். படுத்த படுக்கையா அப்பா அம்மா இருக்குறவங்களுக்கும் கைக்கொழந்தக்காரங்களுக்கும் விதிவிலக்க விதியாவே எழுதி வைங்க. டேமேஜர் மனசு வெச்சா கெடைக்கிற சலுகையா அது இருக்கக்கூடாது.

இதெல்லாம் முடியாது, ஆபீஸ்தான் வேலை பாக்குற இடம்னு முடிவா சொன்னீங்கன்னா, அதையும் ஏத்துக்கறேன். ஆனா முழுசா ஏத்துக்குவேன். ஆறு மணிக்கு லேப்டாப்ப உங்க லாக்கர்லயே வெச்சுப் பூட்டிட்டு வந்துடுவேன். ராத்திரி ஒம்பதரைக்கு ஒஹாயோக்காரன் கூப்பிட்டா நீங்களே பேசிக்கோங்க. வீடு வேலை பாக்க லாயக்கில்லாத இடமாச்சே!

டிஸ்கி: இது ஞாயித்துக்கிழமை, பிஜி மொட்டை மாடில, சொந்தக் காசுல வாங்குன மடிக்கணினில எழுதுனது. ஆபீஸ் நேரத்துல பதிவு போட்டான்னு யாரும் கெளம்ப வேண்டாம். உங்க கம்பெனில என்ன கூத்து நடக்குதுன்னு பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க. கம்பெனி பேரு மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் இஎம்ஐ இருக்கு.