கல் மேல் பழி போடாதீங்க!

தோப்பில் புதர் வெட்ட டிராக்டரில் மாட்டும் ஸ்லாஷரில் பிளேடு போல்ட் முறிந்தால், ‘கல்லுல பட்டுடுச்சு’ என்று சொல்லிவிடுவோம். முறிந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பகுதி வழவழவென்றும் மீதி சொரசொரவென்றும் இருந்தால், விரிசல் விழுந்து பல நாள் ஆகியிருக்கும். கல் கொடுத்தது கடைசி அடி மட்டும்தான்!

முக்கியக் காரணம், லூஸான நட்டு. புது போல்ட் போட்டால், கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மறுபடி டைட் செய்ய வேண்டும். அடுத்தது துரு. ஆடும் பிளேடு என்றால், கட்டையில் மோதியதும் அது பின்வாங்க வேண்டும். துருப்பிடித்து இறுகிவிட்டால் மொத்த அடியும் போல்ட்டுக்குத்தான். ஒரு பிளேடை மட்டும் மாற்றினால் எடை சமமில்லாமல் மெஷின் அதிரும்; ஜோடியாகவே மாற்றுங்கள்.

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று இருப்பது அதன் பலத்தைச் சொல்லும் எண். மேனுவலில் உள்ளதையே வாங்குங்கள். அவசரத்துக்கு வெல்டிங் வைக்கும் நம்ம ஊர் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் அந்தப் பலம் போய்விடும்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்லாஷருக்கு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் கை வையுங்கள். கழன்ற பிளேடு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்க ஓடிவரும் வாண்டுகளை, வெட்டி முடிக்கும்வரை தோப்புக்குள் விடாதீர்கள்.